ரகுபதி அண்ணன் விழுந்தால்தான் சத்தம் வரும்

வடபழனி டிப்போவுக்குப் பின்னால் குடியிருக்கும் ரகுபதி அண்ணனுக்குத் தோற்பதுதான் தொழில். சினிமாவில் கதாநாயகன் உதைத்ததும் காய்கறி வண்டி மேல் போய் விழுகிற நாலு பேரில் மூன்றாவது ஆள் அவர். ஷூட்டிங் இல்லாத நாட்களில் எங்கள் மல்யுத்த குரூப்பில் தோற்பார். கேபிள் டிவியில் வெள்ளைக்காரர்கள் கட்டிப் புரளுவதைப் பார்த்து ஊரே பைத்தியமாய்க் கிடந்த சமயம். திருவிழா, பொருட்காட்சி என்று எங்கே இடம் கிடைத்தாலும் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுவோம்.

நான்தான் மைக். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதை மன்னித்துவிட்டேன். "போன ஷோவிலேயே செத்துப்போன ரகுபதி இதோ வருகிறார்!" என்று ஒருநாள் கத்தினேன். வேறு யாராக இருந்தாலும் மைக்கைப் பிடுங்கி என் தலையிலேயே போட்டிருப்பார்கள். அண்ணன் ஆவி மாதிரி கையை நீட்டிக்கொண்டு நடந்துவந்தார்.

எங்கள் சண்டையில் ஒரு முறை உண்டு. அடிக்கிறவன் கை மேலே படாது. அடி வாங்குகிறவன்தான் அதே நொடியில் தன் தொடையில் ஓங்கித் தட்டிச் சத்தம் கிளப்பிவிட்டு விழவேண்டும். அண்ணன் தட்டினால் எங்கோ டயர் வெடித்ததென்று சனம் திரும்பிப் பார்க்கும். எங்கள் ஸ்டார் 'எரிமலை' ஜவஹரின் வீரம் முழுக்க அண்ணனின் வலது தொடையில்தான் குடியிருந்தது. வீட்டுக்குப் போனால் அவர் சம்சாரம் தங்கம் அக்கா தவறாமல் கேட்பார்: "இன்னிக்காச்சும் ஜெயிச்சியா?"

தொண்ணூற்றாறு பொங்கலுக்கு முன்னால் பொருட்காட்சி கான்டிராக்டர் வலியுல்லா பாய் வந்தார். "நொச்சிக்குப்பத்துல ஒரு குரூப்பு கீது, இங்க ஒண்ணு கீது. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா நந்தனம் கிரவுண்டு ரொம்பிடும்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். தட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்: "குப்பத்துப் பசங்க மாத்தி மாத்தித் தோத்துக்கிறாங்க. தோக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆளு இன்னாத்துக்கு? மைக்குக்கும் அங்க ஒரு காலேஜ் பையன் கீறான்."

அண்ணன் என் தோளில் கையைப் போட்டார். "என்னை எடுத்துடு பாய். இவன் வாயை மட்டும் வுட்டுடு. இத்தினி நாளு நான் வுழுந்தது சனத்துக்குத் தெரிஞ்சதே இவன் வாயாலதான்."

பாய் தலையாட்டினார். மைக் என்னிடமே நின்றது, அண்ணன் போய்விட்டார். நன்றி எப்படிச் சொல்வதென்று தெரியாததால், அவர் கிளம்பும் முன்பே அவருடைய செருப்பில் ஒன்றை என் பையில் ஒளித்துவைத்தேன்.

நந்தனத்தில் அன்று உட்கார இடமில்லை. கயிறு கட்ட ஆள் வேண்டுமே என்று அண்ணன் தானாகவே வந்திருந்தார். கடைசிச் சண்டை, எங்கள் ஜவஹருக்கும் குப்பத்து ஸ்டார் 'சுறா' கபாலிக்கும். முதலில் கபாலி விழுவது, பிறகு ஜவஹர் விழுவது என்று திரைக்குப் பின்னால் பேசி முடித்திருந்தார்கள். ஆனால் முதல் வரிசையில் கபாலியின் மாமியார் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பாதிக் குப்பம். எதிர்ப்பக்கம் வடபழனி ஸ்டன்ட்காரர்கள் மொத்தமும்.

ஜவஹர் ஓங்கிக் குத்தினார். சத்தமே இல்லை. கபாலி சிரித்துக்கொண்டு நின்றார். கபாலி குத்தினார். ஜவஹர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். இருவரும் மாற்றி மாற்றிக் காற்றை அடித்தார்கள்.

"இன்னா நைனா, கொசு அடிக்கிறியா?" என்று ஒருவன் கத்த, கிரவுண்டே சிரித்தது. இன்னொருவன் வேர்க்கடலைப் பொட்டலத்தை வீசினான். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நான் மைக்கை வாய்க்குள் விடாத குறையாகப் பிடித்தேன். "பொறுங்கள் மக்களே! இந்த இரண்டு மலைகளையும் ஒரே நேரத்தில் எதிர்க்க இதோ வருகிறார், ரகுபதி!"

கயிற்று மூலையிலிருந்து அண்ணன் என்னை முறைத்தார். "டேய் வாயாடி, லுங்கியில கீறேண்டா!"

ஆனாலும் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். ஜவஹர் கையை வீசினார். படார்! அண்ணன் மல்லாந்து விழுந்தார். வடபழனிப் பக்கம் எழுந்து ஆடியது. கபாலி வீசினார். படார்! அண்ணன் கயிற்றைத் தாண்டி வெளியே போய் விழுந்தார். கபாலியின் மாமியார் விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

கபாலி குதித்து வந்து அண்ணனைத் தூக்கினார். "இன்னொரு தபா வுழு நைனா, புண்ணியமாப் போவும்!"

ஷோ முடிந்ததும் பாய் என்னிடம், "பாத்தியாடா, ரெண்டையும் சேத்தது நல்லதாப் போச்சு" என்றார்.

"சேத்தா மட்டும் போதுமா பாய்? ரெண்டு பேருக்கும் வுழறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?" என்றேன்.

பாய் அண்ணன் பக்கம் திரும்பினார். "ரகுபதி, இனிமே உன் தொடை எங்க குரூப்ப வுட்டு எங்கியும் போவக்கூடாது."

அண்ணன் தன்னோடு என்னையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். தங்கம் அக்கா வழக்கம்போல் கேட்டார்: "இன்னிக்காச்சும் ஜெயிச்சியா?"

"ஜெயிக்கல. ஆனா இன்னிக்கு ரெண்டு ஸ்டாருங்ககிட்ட தோத்தேன்!"

அக்கா அவர் தட்டில் இன்னொரு வஞ்சிரத் துண்டை வைத்தார். விழாத எனக்கும் ஒன்று வைத்தார். சாப்பிட்டுவிட்டு, பையில் ஒளித்துவைத்திருந்த செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துவிட்டு வந்தேன்.