நான்காம் நாள் சவரம்

அயல்நாட்டு விமானத்தில் பணியாள் என்றால், பல் தெரியச் சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று அர்த்தம். விதிப்புத்தகத்துக்குத் தலையாட்டிப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சந்தேஷ் டப்பா

கொல்கத்தாவில் ஏறிய பாலிகஞ்ச் மாஷிமா, அதாவது வங்காளிப் பெரியம்மா ஒருவர், என்னோடு வேலை பார்க்கும் போலந்துக்காரி மார்த்தாவிடம் சந்தேஷ் என்ற பால் இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டினார். பயணிகள் தருவதைச் சாப்பிடக் கூடாது என்பது கம்பெனி விதி. மார்த்தா அழகாகச் சிரித்து மறுத்துவிட்டாள். மாஷிமா முகம் சுண்டிப்போய் என்னிடம் வங்காள மொழியில் கேட்டார்: "ஏம்ப்பா, நான் என்ன விஷமா குடுக்கறேன்?"

வெள்ளைத் துணி

துபாய்க்கு மகனைப் பார்க்கப் போன அம்மா அங்கேயே தவறிவிட, அந்த மகன் காரியத்துக்காக கொல்கத்தா சால்ட் லேக்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி, ஒரு வாரத் தாடி. சீட்டின் மேல் சொந்தமாக ஒரு சின்னப் பாய். சாப்பாட்டைத் தொடவில்லை. ஆள் சரியில்லை, கேப்டனிடம் சொல்லலாமா என்றாள் மார்த்தா. துக்கம் காப்பவர் மழிக்க மாட்டார், சொந்தப் பாயில்தான் உட்காருவார், சமைத்ததைத் தொட மாட்டார் என்று விஷயத்தைச் சொன்னேன். தானே போய் இரண்டு வாழைப்பழம் வைத்துவிட்டு வந்தவள், கேலியில்லாமல்தான் கேட்டாள்: "உங்கள் ஊரில் தாடியும் சேர்ந்து அழுமா?"

மூன்று நாள் லீவு

அடுத்த மாதம் கொல்கத்தா கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டில் அப்பா போய்விட்டார். கப்பல் கட்டும் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பிள்ளை. பத்தாம் நாள் காரியம் வரை முகத்தில் கத்தி படக் கூடாது. கம்பெனி கொடுத்ததோ மூன்று நாள். நான்காம் நாள் மழித்த முகத்தோடு ஆஜராக வேண்டும். போனில் கெஞ்சினேன். மேலதிகாரி நல்ல மனிதர்தான், தணிந்த குரலில் கேட்டார்: "பத்து நாள் துக்கம் என்று யாராவது கையெழுத்துப் போட்ட கடிதம் கிடைக்குமா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் சம்பளத்தை விட்டால் வீட்டுக்கு வேறு வழியில்லை. நான்காம் நாள் காலையில் அம்மாவே வெந்நீர் கொண்டுவந்து கண்ணாடி முன் வைத்தாள். "உங்கப்பா ஒரு நாளாவது சவரம் பண்ணாம யார்டுக்குப் போயிருக்காரா? பண்ணிட்டுக் கிளம்புடா."

பளபளப்பு

எதற்கு லீவு என்று விமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவேன். மார்த்தா என்னை ஏற இறங்கப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள்: "லீவு உனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. முகம் பளபளக்கிறதே!"

பத்தாம் நாள் கங்கைக் கரையில் சித்தப்பா மகன் எனக்குப் பதிலாக எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, மேலே போன அப்பாவுக்கு எங்கள் குடும்பத்திலேயே மிகப் பக்கத்தில் இருந்தவன் நான்தான், "சிக்கனா, வெஜ்ஜா?" என்று கேட்டுக்கொண்டு.