நூற்றுவர் தலைவர் நேரில் போனாரா?

உரோமையர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர்தான். பேரரசரும் இல்லை, ஆளுநரும் இல்லை. தன் வேலைக்காரனுக்குச் சுகமில்லை என்று இயேசுவிடம் உதவி கேட்ட அந்த நூற்றுவர் தலைவர், நூறு பட்டாளக்காரருக்கு அதிகாரி. எனக்கு மேலே அதிகாரிகள் உண்டு, கீழே ஆட்கள் உண்டு, போ என்றால் போகிறார்கள், வா என்றால் வருகிறார்கள் என்று அவர் தன் நிலைமையை விளக்குவார். நீங்கள் என் வீடுவரை வரும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை, இங்கேயே நின்று சொன்னால் போதும் என்பார். பூசையில் நற்கருணை அப்பத்தை, நாங்கள் சொல்லும் நன்மையை, எடுக்குமுன் நாங்கள் எல்லோரும் சொல்லும் செபம் அவர் சொன்னதிலிருந்து வந்ததுதான். ஒரு பட்டாளக்காரனின் செபத்தைத்தான் சொல்கிறோம் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்கும் மேலே ஆட்கள் உண்டு, கீழேயும் உண்டு. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், டண்டினொங் என்ற புறநகரில் சலாட் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டீம் லீடர். பதினாறு பேர் என் லைனில் நிற்கிறார்கள். அவர்களுடைய மேலங்கி மஞ்சள், என்னுடையது செம்மஞ்சள், பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். பதினொரு வருடமாகச் சீமெந்துத் தரையில் நின்று நின்று முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், அன்றைக்குத் தமிழ்ப் பூசைக்கு முன்னால் முதல் தடவை நன்மை எடுக்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. விடப் போகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். வேறு ஆள் இல்லையே என்று சுவாமியார் முகத்தைத் தொங்கப்போடுவார். மறுபடியும் நானே போய் நிற்பேன்.

ஒரு ஞாயிறு இந்த நூற்றுவர் தலைவரைப் பற்றிப் படிப்பிக்க வேண்டியிருந்தது. எதையும் அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது என்பதால் நூலகத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். நூற்றுவர் என்று பெயர்தானாம், பெரும்பாலும் எண்பது பேர்தான் இருந்தார்களாம். கையில் திராட்சைக் கொடித் தடி ஒன்று வைத்திருப்பாராம், சொல் கேளாதவன் முதுகில் அது விழுமாம். இதையெல்லாம் படிக்கப் படிக்க எங்கள் தொழிற்சாலைதான் ஞாபகம் வந்தது. ஆளுநர் பிலாத்து மேலே இருந்து இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். சிலுவையடியில் கடைசிவரை நின்றது ஒரு நூற்றுவர் தலைவர்தான். மேலே இருப்பவர் முடிவெடுப்பார், செய்து முடித்துவிட்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நடுவில் இருப்பவரின் வேலை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு நற்செய்தி நூலில் அவர் தானே இயேசுவிடம் வருகிறார். இன்னொன்றில் அவர் வரவேயில்லை. முதலில் ஊர்ப் பெரியவர்களை அனுப்புகிறார், பிறகு நண்பர்களை. இது பிள்ளைகளைக் குழப்பும் என்று நேரில் வந்த கதையை மட்டும் சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளையொன்று கையை உயர்த்தியது.

"மிஸ், பாஸ் தனக்காகப் போய்க் கேட்டது அந்த சேர்வன்ற்றுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படத்துக்கு நிறம் தீட்டச் சொன்னேன். எனக்குக் களைப்பாக இருந்தது.

அடுத்த நாள் வேலையில் என் லைனைச் சேர்ந்த தம்பி ஒருவன் தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றான். மன்னார்ப் பக்கத்துப் பெடியன். படகில் வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் இன்னும் தற்காலிக விசாதான். எங்களிடம் நாட்கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வருகிறவன். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது பின்னேரம் போனில் மெசேஜ் வந்தால்தான் அவனுக்குத் தெரியும்.

"அக்கா, இந்தத் தோள் நோ விடுதில்லை. கையைத் தூக்கேலாமல் கிடக்கு. குளிர் அறையில பெட்டி அடுக்கிறதை விட்டிட்டு, ஒரு மாசம் லேபல் ஒட்டுற பக்கம் நிக்கலாமோ?"

"அது என்ர கையில இல்லைத் தம்பி. மேல மனேஜரிட்டக் கேக்க வேணும்."

"நீங்க போய்க் கதைச்சாச் செய்வினம் அக்கா."

"பாப்பம்" என்றேன்.

மனேஜரின் அறை மாடியில். முன்பு இரண்டு தடவை வேறு ஆட்களுக்காக அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். இரண்டாம் தடவை அவர் சிரித்துக்கொண்டே, நீ இப்போது லீடர், இவர்களுடைய அன்ரி இல்லை என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே கால் பின்வாங்கியது. அதனால் யாருக்கு எப்போது வேலை என்று ரோஸ்டர் போடும் பெண்ணைச் சாப்பாட்டு அறையில் பிடித்தேன். இந்த ஆளுக்குத் தோள் நோவாம், லேசான வேலை ஏதும் கொடுக்கலாமா என்று மனேஜரைக் கண்டால் கேட்டுப் பார் என்றேன். அவளும் நல்லவள், சரி என்றாள். நூற்றுவர் தலைவரே ஆள் அனுப்பித்தானே காரியம் பார்த்தார் என்று என் மனச்சாட்சிக்கு அந்த மற்ற நற்செய்தியைக் காட்டினேன். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று விட்ட கதை எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

வேலை முடிந்து போகும்போது அவன் கேட்டான்.

"கதைச்சீங்களோ அக்கா?"

"ஓம், சொல்லியாச்சு."

நான் சொல்லி அனுப்பியது மனேஜருக்குப் போய், அங்கிருந்து ஏஜென்சிக்கும் போனது. போகிற வழியில் லேசான வேலை என்பது எங்கேயோ விழுந்துவிட்டது. தோள் நோ மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை அவனுடைய இடத்தில் வேறொருவன் நின்றான். அவனுக்கு அதற்குப் பிறகு மெசேஜ் வரவேயில்லை.

அப்போதாவது நான் மேலே போயிருக்கலாம். போகவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. ஐம்பத்தாறு வயதில் இந்தச் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றச் சொன்னால் நானும் குளிர் அறைக்குள் பெட்டிதான் அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அடுப்பில் எதையோ வைத்துவிட்டுக் குசினிக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். என்மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மூன்று கிழமை கழித்துத் தமிழ்ப் பூசையில் அவனைக் கண்டேன். எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் நின்றான். நூற்றுவர் தலைவரின் அந்தச் செபம் வந்தபோது கோயில் முழுவதும் சொன்னது, எனக்கு வாய் திறக்கவில்லை. பூசை முடிந்ததும் அவன் கண்ணில் படாமல் காருக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? அவன் பின்னாலேயே வந்துவிட்டான். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அக்கா, ஒரு இடத்தில வேலைக்குக் கேட்டிருக்கிறன். முந்தின சூப்பர்வைசரின்ர நம்பர் வேணுமாம். உங்கடயைக் குடுக்கட்டோ?"

"குடும். தோள் எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான் கிடக்கு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அதைமட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் போன் வந்தது. ஒரு பெண், அவசரக் குரல். நேரத்துக்கு வருவானா என்று கேட்டாள். வருவான் என்றேன். சொல் கேட்பானா? கேட்பான். ஏன் வேலையை விட்டான்? எங்களிடம் வேலை குறைந்துவிட்டது என்றேன். பிறகு, இது கொஞ்சம் பாரமான வேலை, அவனுக்கு உடம்பில் ஏதும் காயம், நோ இருந்ததா என்று கேட்டாள்.

இருந்தது என்றால் அவனுக்கு இந்த வேலையும் இல்லை. இல்லை என்றால் அந்தத் தோளோடு போய்ப் பாரம் தூக்குவான். மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றும் என் தலையில் விழுந்திருக்காது.

"அப்படி ஒன்றும் இல்லை" என்றேன். மனேஜருக்கு முன்னால் ஒருநாளும் வராத குரல், இந்தப் பொய்க்குத் தடுமாறாமல் வந்தது.

பொய் சொன்னதைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம், அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. மேலே போகாமல் இருந்ததை எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளையும் பாடமாக்கிக் கொடுப்பவள் நான்.

வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு லைன் ஓரமாக நின்று வாசித்தேன்.

"அக்கா, வேலை கிடைச்சிட்டுது. கொண்டெய்னர்ல இருந்து பெட்டி இறக்கிறது. ரெண்டு இடத்திலயும் எனக்காகக் கதைச்சது நீங்க ஒராள்தான். சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்."