ஆறு வயதுக்கு எடுத்த சட்டை

சுவிஸில், பீல் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு சோமாலியப் பெண் குடியிருந்தாள். அவளுடைய மகளுக்கு ஆறு வயது, என் மகளுக்கு நான்கு. ஒருநாள், நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் சொன்னாள்:

"கோடை லீவுக்கு ஊருக்குப் போறம். மாமி என்ர மகளுக்கு விழா வைக்கிறா. புதுச் சட்டை, தங்கம், எல்லாம்."

எங்கள் காதுகுத்துப் போல ஏதோ என்று நினைத்துவிட்டேன். "நல்ல விஷயம்" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஈர உடுப்புகளை உதறியபடியே நின்றாள். அதைக் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தமிழ்க்கடையில் சரிகை வைத்த சிவப்புச் சட்டை ஒன்று எடுத்து, விழாவுக்கு என்று கொடுத்தேன்.

சில நாட்களில் மகளைப் பிள்ளை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். காத்திருக்கும் அறையில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. பெண் பிள்ளைகளின் பிறப்புறுப்பை வெட்டுவது குற்றம், வெளிநாட்டில் செய்வித்தாலும் இங்கே தண்டனை உண்டு என்று இருந்தது. அந்தச் சட்டம் வந்து அதிக காலமாகவில்லை. விடுமுறையில் விழா என்று சொல்லி ஊருக்குக் கூட்டிப்போவதுண்டு என்றும் எழுதியிருந்தது. இரண்டு முறை வாசித்தேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

"அவை சொன்னவையோ வெட்டப்போறம் எண்டு? நீர்தான் நினைக்கிறீர். பிழையெண்டா அந்தக் குடும்பத்தின்ர விசா என்னாகும்? எங்களைப் பற்றி உப்பிடி ஆரும் போய்ச் சொன்னா?"

"சரியெண்டா?" என்றேன்.

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்று நாட்கள் அவள் கதவுவரை ஏறிப் போய், மணியை அழுத்தாமல் இறங்கி வந்தேன். நான்காம் நாள் தாய்–பிள்ளை ஆலோசனை நிலையத்துத் தாதிக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் அவர் கேட்டார்: "உங்கள் சமூகத்திலும் இது உண்டா? உங்கள் மகளுக்கு?"

"இல்லை" என்றேன். சொன்ன வேகத்தில் அது எனக்கே பொய் போலக் கேட்டது.

பிள்ளைப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தார்கள். சிறுமியின் கடவுச்சீட்டை வாங்கி வைத்தார்கள். அந்தக் கோடையில் அவர்கள் எங்கும் போகவில்லை.

ஒருநாள் மேல்வீட்டுக்காரி படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"என்னட்டக் கேட்டிருக்கலாம். எனக்கும் விருப்பமில்லை. மாமிக்குச் சொல்லப் பயம். அதாலதான் உனக்குச் சொன்னனான். நீ சட்டை தந்தாய்." இரண்டு படி ஏறித் திரும்பி, "இப்ப பிள்ளைப் பாதுகாப்பு ஒபிஸில எனக்கும் குற்றவாளி எண்டுதான் பேர்" என்றாள்.

அடுத்த நாள் எங்கள் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது. சட்டை மடித்தபடியே இருந்தது.

இரண்டு வருடமாகிறது. அந்தச் சட்டை இப்போது என் மகளுக்கு அளவு. போட்டுவிட மனம் வரவில்லை. மேல்வீட்டுக்காரி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. காலையில் அவளுடைய மகள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்குவாள். கீழ்க்கதவு அடைபடும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்வேன். அந்தத் தாயிடம் முதலில் கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிராதோ என்ற யோசனை உடனே பின்னால் வரும்.