கவேரா இறக்கி வைக்காத டோலி

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தீவுக்காரன் கவேராவை, இரண்டாம் உலகப் போர் வந்து கொக்கோடா மலைப் பாதைக்கு இழுத்துப் போனது. வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியும் தரவில்லை; ஆஸ்திரேலியப் பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் வேலை. போர்முனைக்குப் போகும்போது தோளில் மோர்ட்டார் குண்டுப் பெட்டி. திரும்பும்போது அடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்.

இரண்டு கழி, நடுவில் ஒரு கம்பளி. அதுதான் டோலி. நாலு பேர் தூக்க, நாலு பேர் தோள் மாற்ற. தோள் உயரம் பார்த்து ஆள் சேர்த்தவன் கவேராதான். உயரம் பிசகினால் செங்குத்துச் சேற்றில் காயம்பட்டவன் சரிந்து விடுவான். எடுத்தவனை டாக்டர் கையில்தான் விடுவது என்பது எட்டுப் பேரும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

அன்று டோலியில் கிடந்தவன் ஆல்ஃப். வயிற்றில் குண்டு. பாதி வழியில், சாமான் குடிசை வாசலில், சுமையாட்களை வேலை வாங்கும் லெப்டினன்ட் ஹார்கிரேவ் பிரம்போடு மறித்தான்.

"இவனை இங்க போடுங்க. விமானத்துலேர்ந்து நமக்குப் போட்ட சாமானெல்லாம் காட்டுக்குள்ள சிதறிப் போச்சு. மேல மோர்ட்டாருக்குக் குண்டு இல்ல. எட்டுப் பேரும் இங்க இருக்கிற பெட்டியத் தூக்குங்க."

"இவரு, தவுபடா?" என்றான் கவேரா. துரைமாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க."

கவேரா ஆல்ஃபின் முகத்தைப் பார்த்தான். சாம்பல் பூத்திருந்தது.

"நாளைக்கு இவரு இருக்க மாட்டாரு."

"அது உன் கவலையா?"

"எங்க தோள்ல கிடக்கிறாரு. வேற யாரு கவலை?"

பின்கழியைப் பிடித்திருந்த டோகோடோ சும்மா இருக்கவில்லை. "அடிபட்டவங்களத் தூக்குறோம்னு நம்மள தேவதைன்னு பேப்பர்ல எழுதியிருக்காம் மச்சான். தேவதைக்குப் பிரம்படி உண்டான்னு கேளு."

"சிரிக்க வைக்காதீங்கடா, வயிறு கிழியுது" என்று முனகினான் ஆல்ஃப்.

"இறக்கு! உத்தரவு இது. மீறினா, திரும்பி வர்றப்ப தோலை உரிச்சிடுவேன்."

"வருவோம் தவுபடா. வந்ததும் உரிங்க." கவேரா ஆட்களைப் பார்த்தான். "நடங்கடா."

ஹார்கிரேவின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. சுட்டால் டோலி விழும். விழுந்தால் ஆல்ஃப் சாவான். கை அங்கேயே நின்றது. டோலி அவனை உரசிக்கொண்டு போனது.

மறுநாள் எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். ஓடிப்போயிருந்தால் அந்தக் காட்டில் யாரும் பிடித்திருக்க முடியாது. கவேரா நேராகப் போய் ஹார்கிரேவுக்கு முதுகைக் காட்டி நின்றான். மற்ற ஏழு பேரும் பக்கத்தில் வந்து அப்படியே திரும்பி நின்றார்கள்.

"எட்டு முதுகு இருக்கு தவுபடா, அடிங்க. அப்புறம் பெட்டிய எந்த முதுகுல ஏத்துறதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

ஹார்கிரேவ் பிரம்பைத் தாழ்த்தினான்.

"அவன் பிழைச்சானா?"

"டாக்டர் தைச்சுட்டாரு. கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டாரு."

பிரம்பு பெட்டிகளின் பக்கம் நீண்டது. கவேரா குனிந்து, இருந்ததிலேயே கனமான பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"அடுத்த டோலியையும் இங்க இறக்க மாட்டோம், தவுபடா. இப்பவே சொல்லிட்டேன்."