முதுகுக்குப் பவுடர்

தோலில் வரும் லிம்போமா என்ற புற்றுநோய் பற்றிய எங்கள் ஆய்வுக்காக, திருக்காட்டுப்பள்ளி விவசாயி ஒருவர் மாதம் ஒருமுறை தஞ்சாவூருக்கு வருவார். அவர் முதுகிலிருந்த சிவந்த திட்டைப் படமெடுப்பது என் வேலை. படமென்பதால் தலைவாரி, முகத்துக்குப் பவுடர் பூசித்தான் வருவார்.

ஒருமுறை திட்டு நன்றாக வெளுத்திருந்தது. மருந்து கேட்கிறதென்று துள்ளிக்கொண்டு தொட்டால், கையெல்லாம் பவுடர்.

“என்னங்க ஐயா இது?”

“முகம் படத்துல வராதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க? அதான் வீட்டுல முதுகுக்குப் பூசிவிட்டாங்க!”

துடைத்துவிட்டு, பயந்துகொண்டே அளந்தேன். திட்டு உண்மையிலேயே சுருங்கியிருந்தது. அவரிடம் சொன்னேன்.

“அப்ப முதுகையே துபாய்ல இருக்கற மகனுக்கு அனுப்புங்க தம்பி. சிரிச்ச மூஞ்சியை அனுப்பினா, குணமாகுதுன்னு நம்ப மாட்டேங்கறான்.”

ஆய்வுக் கோப்பில் நோயாளியின் முகம் இருக்கக் கூடாது. அதனால் அந்தப் பவுடர் பூசிய சிரிப்பு கோப்பில் இல்லை, என் நினைவில்தான் இருக்கிறது.