கிளட்ச் அம்மாவின் மூளைப் படம்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் கிளட்ச் அம்மா. வண்டி பழக வந்தவர் பேங்க் மேனேஜரோ கல்லூரிப் பெண்ணோ, பக்கத்து சீட்டிலிருந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அறுபத்தைந்தைத் தாண்டியும் குரல் இறங்கவில்லை.

அவருடைய அக்கா நேர் எதிர். இருவரும் இரட்டைப் பிறவி. சில நிமிஷம் முந்திக்கொண்டதால் அவர் அக்கா. முகம் அச்சு அசல் ஒன்று, குணத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது. தங்கை பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அக்கா கணக்கு டீச்சர். பேப்பரில் வரும் கணக்குப் புதிரைப் பேனாவால்தான் போடுவார். அடித்துத் திருத்த வேண்டி வராது என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்த அக்காவுக்குத்தான் மறதி நோய் வந்தது. பெயர்கள் போயின, கிழமைகள் போயின. ஒரு காலையில் தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தபோது அக்கா எதிரே வந்து நின்றார். தங்கையின் முகத்தைப் பார்த்தபடியே தன் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார், முந்தானையைச் சரிசெய்தார். கண்ணாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது தங்கைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா, நான்டீ" என்று வாய் திறந்ததுதான் தாமதம், அக்கா வீறிட்டு அலறினார். கண்ணாடி பேசினால் யார்தான் அலறமாட்டார்கள்?

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர், நடுவயதுப் பெண், அக்காவைப் பார்த்து முடித்துவிட்டுத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமாம்மா? ஆராய்ச்சிக்குத்தான். இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்கறது எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"தாராளமா எடுங்க. உள்ள ஏதாவது இருந்தா எனக்கும் காட்டுங்க" என்று சிரித்தார் கிளட்ச் அம்மா.

அடுத்த வாரம் டாக்டர் அவரை உட்காரவைத்து, முடிவு தெரிய வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். இதற்கென்ன இவ்வளவு பீடிகை என்று இவருக்குத் தோன்றியது. திரையில் இரண்டு மூளைப் படங்கள். நோயின் புரதக் கசடு படிந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். இடப்பக்கப் படத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. வலப்பக்கப் படத்தில் அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

"பாவம் எங்கக்கா" என்று வலப்பக்கப் படத்தைத் தொட்டார். "இவ்வளவு ஏறிடுச்சா?"

"அது உங்களோடதும்மா."

தொட்ட விரலை இவர் எடுக்கவில்லை.

"மாத்திப் போட்டிருப்பீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி இல்ல?"

"நாங்களும் அப்படித்தான் பயந்தோம். மறுபடி சரிபார்த்துட்டோம். இவ்வளவு இருந்தும் உங்க ஞாபகம் கொஞ்சம்கூடக் குறையல. ஏன்னு எங்களுக்குத் தெரியல."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்து வண்டியில் உட்கார்ந்தவருக்குச் சாவியைத் திருகக் கை வரவில்லை. அன்று காலைதான் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்தத் தலையோடா? மகளுக்குப் போன் செய்து, வாழ்நாளில் முதல் தடவையாக, "என்னை வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

பல வாரம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் முக்கு மின்கம்பத்தில் மோதிய மாணவர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். ஒன்றுகூட விடுபடாது. அப்படியும் பயம் போகாது. டாக்டர் பரிசோதித்து, தாராளமாக ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் மகள் வண்டிச் சாவியை உடனே கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் டாக்டர் வீட்டுக்கே வந்தார். நோயின் நடுவே சிலருடைய மூளை மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தேடுவது அவர் ஒருவர் மட்டுமல்ல. அவரிடம் ஸ்கேன் படங்கள் இருந்தன. வேறொரு நகரத்தில் ஒரு குழு ரத்தத்தையும் மரபணுவையும் பார்த்தது. கடல் தாண்டி ஒரு குழு, தானமாக வந்த மூளைகளைப் பாதுகாத்து வைத்திருந்தது. தனித்தனியாக நிதி கேட்டபோது மூன்று தரப்புக்கும் கைவிரித்துவிட்டார்கள். இப்போது ஓர் அறக்கட்டளை, சேர்ந்து செய்தால் மட்டுமே நிதி என்று அறிவித்திருந்தது.

"நேர்காணலுக்கு ஆய்வுல கலந்துக்கிட்ட ஒருத்தரும் வரணுமாம். நீங்க வருவீங்களா?"

"நான் அங்க வந்து என்னத்தைப் பேசறது?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்."

நீளமான மேஜைக்கு அந்தப்புறம் நிதிக்குழு உட்கார்ந்திருந்தது. மூன்று குழுக்களும் பேசி முடித்த பிறகு, மூத்த உறுப்பினர் ஒருவர் கனிவாகத்தான் கேட்டார்.

"இத்தனை வருஷம் மூளையை நல்லா வச்சுக்க என்ன செஞ்சீங்கம்மா? படிப்பு, பயிற்சி, ஏதாவது?"

"ஒண்ணுமே செய்யல சார். எல்லாம் செஞ்சது எங்கக்காதான். படிச்சா, புதிர் போட்டா, நேரத்துக்குத் தூங்கினா. நான் நாள் முழுக்கத் தெருவுல நின்னு கத்துனேன்." அந்த உறுப்பினரை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும்தான சார் வந்திருக்கு? அவ ஞாபகம் மட்டும் ஏன் போச்சு?"

அந்த உறுப்பினர் அடுத்த கேள்வி எழுதியிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். கிளட்ச் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போகலாமா என்று கேட்டு எழுந்து போனார்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. டாக்டரின் குரல் துள்ளியது. "கிடைச்சிடுச்சும்மா! அஞ்சு வருஷத்துக்கு, மூணு பேருக்கும் சேர்த்து!"

"அக்காவுக்கு ஏதாவது ஆகுமா?"

"இல்லம்மா. அவங்களுக்கு இது உதவாது. பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்தார். அவருடைய மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்து முதலில் கையெழுத்துப் போட்டது தங்கைதான். தனக்கும் சேர்த்தே போட்டார். உறவுக்காரர்கள் சிலர் அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மகள் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள், வருஷா வருஷம் பரிசோதனை என்ற நிபந்தனையோடு. சென்ற வருஷ ஸ்கேனில் சிவப்பு இன்னும் பரவியிருந்தது. ஞாபகப் பரிசோதனையில் எதுவும் குறையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், பயமா இருக்கா?" என்றார் கிளட்ச் அம்மா. "எனக்கு இருக்கு."