ஆணி அடிக்காத ஆசாரி

உம்மு சல்மாவுக்குக் கோபம் வந்தால் விருதுநகரில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். அந்த வாரம் தெருவுக்கு நிம்மதியே இல்லை.

மகள் நசிமாவைத் தலைப்பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை அழைத்துவர வேண்டும். அவளுக்கென்று ஒதுக்கிய மாடி அறையில் தேக்குப் பலகைத் தரை. தண்ணீர்த் தொட்டி கசிந்து நாலு பலகைகள் இற்றுப்போயிருந்தன. வயிற்றுப்பிள்ளைக்காரி கால் வைத்து உள்ளே போய்விட்டால்? அந்த நினைப்பே உம்மு சல்மாவைத் தின்றது.

புருஷன் ஜெய்லானி, விஸ்வநத்தத்திலிருந்து அய்யப்ப ஆசாரியைப் பிடித்து வந்தார். இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனிகளில் மரவேலை பார்த்த ஆள். ரெண்டு நாளில் முடிய வேண்டிய வேலை, புதன்கிழமையோடு அஞ்சு நாள் ஆயிற்று.

பின்னே ஆகாதா? மனிதர் செல்போனை வாசலில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். அறுப்பது, இழைப்பது எல்லாம் கொல்லையில். மேலே தூக்கி வந்து பொருத்திப் பார்ப்பார். மயிரிழை இடித்தாலும் மறுபடி கொல்லைக்கு இறங்குவார். ஆணி கிடையாது. மர முளையை வைத்து, மரச் சுத்தியால் பிள்ளைக்குத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டுவார். பலகை எடுத்த இடத்தை ஈரச் சாக்கால் மூடி, யாரையும் கிட்டே விடமாட்டார்.

“ஏன் ஆசாரி, ஒரு கட்டு ஆணி வாங்கித் தாரேன். அடிச்சுப் போட்டுட்டுப் போங்களேன்.”

“இரும்பு வேண்டாம் பாயம்மா. பழக்கமாயிருச்சு.”

“இது என்ன பட்டாசுக் கம்பெனியா? வீடுய்யா, வீடு! இன்னும் எம்புட்டு நாளைக்கு இழுப்பீக?”

அய்யப்பன் பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு இறங்கினார். ஜெய்லானியிடம் முறையிட்டால் அவரும், “அவரு போக்குல விடு சல்மா” என்று நழுவினார். இந்த ஆம்பளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

புதன்கிழமை மத்தியானம் அய்யப்பன் சாப்பிடப் போனார். கடைசிப் பலகை மட்டும் பாக்கி. காலண்டர் மாட்டுகிற சுத்தியலையும் நாலு ஆணியையும் எடுத்துக்கொண்டு உம்மு சல்மாவே மாடி ஏறினாள். சாக்கை விலக்கினாள். பலகை கோணலாகக் கிடந்தது. நேராக வைக்கலாமென்று தூக்கினாள்.

கீழே, ரெண்டு மாதமாக ஜெய்லானி பூட்டி வைத்திருக்கும் அறை. காலண்டர் லோடு என்று சொல்லியிருந்தார். இடைவெளி வழியாக வெளிச்சம் இறங்கியது. பூச்சட்டி, சங்குசக்கரம், சரவெடி என்று வண்ணப் பெட்டிகள் உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே வரை அடுக்கியிருந்தன. பெயருக்கு ஒரு காலண்டர்கூட இல்லை.

சுத்தியலைச் சத்தம் வராமல் ஈரச் சாக்கின் மேல் வைத்தாள். ரெண்டு மாதமாக இதன் மேல்தான் நடந்திருக்கிறாள், தொழுதிருக்கிறாள்.

படியேறி வந்த அய்யப்பன் சுத்தியலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“மொத நாளே பாத்துட்டேன் பாயம்மா. சொல்லக்கூடாதுன்னுட்டாக பாய். நான் பாதியில போயிட்டா வேற ஒருத்தன் வந்து ஆணி அடிப்பான், ஒரு பொறி பறந்தாப் போதும். அதான் ஏச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தேன்.”

அஞ்சு நாளாக அந்த மனுஷனைப் பேசிய பேச்செல்லாம் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. கீழே இறங்கி வந்து புருஷனுக்காகக் காத்திருந்தாள்.

ஜெய்லானி வந்ததும் அவள் கத்தவில்லை. அதிலேயே அவருக்கு முகம் வெளுத்தது.

“நசிமாவ அந்தப் பெட்டிக மேலதான் படுக்க வைக்கப் போறீகளா?”

“சீசன் முடிய ரெண்டு வாரந்தானே சல்மா... ஒரு ஆர்டர் மாட்டிக்கிச்சு...”

அவள் செல்போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

“பிள்ளைய வெள்ளிக்கிழமை ஏன் வரவேண்டாம்னு சொல்றோம்னு, அவ வாப்பா நீங்களே சொல்லிருங்க.”

மணி அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் மணிக்குள் ஜெய்லானி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, சட்டைப் பையில் அந்த அறைச் சாவியைத் தேடினார்.